ஊரில் விளைகிற காய் ஊரார் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர: ஒரு விரிவான பதில்

சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஊரில் கிணற்றுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் வெண்டையும் கத்தரியும் போடுகிறார்கள். அது விடியுமுன் வண்டியேறிக் காரைக்குடி மண்டிக்குப் போகிறது. அங்கிருந்து சில்லறைக்காரர் கைமாறி, வாடிப்போய், இரண்டு மடங்கு விலையில் அதே ஊருக்குத் திரும்பி வருகிறது. பத்து இளைஞர்கள் சேர்ந்து ‘இயற்கைக் காய்கறிக் கடை’ போடலாமா, எவ்வளவு முதல் வேண்டும், பதிவு வேண்டுமா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் ‘காலனித் தெருக்காரர்களும் வாங்குகிற மாதிரி இருக்கவேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அந்தக் கடைசி வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். கடை போடுவது பெரிய காரியமில்லை. ஆனால் வசதியுள்ள நாற்பது வீட்டுக்கு மட்டும் நல்ல காய் கொடுக்கிற கடையாக அது ஆறே மாதத்தில் மாறிவிடும். அப்படி மாறாமல் இருக்க, என்ன விற்கிறோம், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த அளவில் விற்கிறோம் என்பதை விதை போடுவதற்கு முன்பே முடிவு செய்யவேண்டும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், அரிசியில் தொடங்காதீர்கள். பாரம்பரிய அரிசி என்றால் ஆர்வம் பொங்கும், தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பெரும்பாலான அட்டைகளுக்கு 20 கிலோ வரை, அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. துவரம்பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ 30 ரூபாய்க்கு. ஆக, ஏழை வீட்டில் சோற்றுக்கு முட்டில்லை, வெஞ்சனத்துக்குத்தான், அதாவது சோற்றோடு சேர்க்கிற காய்கறிக்குத்தான் முட்டு. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காயும் கீரையும் சேர்த்து 400 கிராம் வேண்டும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் 11 கிலோ. கூலிக்குப் போகிற எந்த வீட்டிலும் இதில் பாதி வந்தாலே பெரிது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. காரணம் ஒன்றல்ல, பல. ஆனால் தட்டில் கீரையும் பயறும் குறைந்திருப்பது அவற்றில் ஒன்று. எனவே கீரை, நாட்டுக்காய், தட்டைப்பயறு, உளுந்து, முடிந்தால் முட்டை. கவுனி அரிசியும் சீரகச் சம்பாவும் இரண்டாம் வருடம் வரட்டும்.

அடுத்து, யார் எப்படி வாங்குகிறார்கள் என்பது. வாரம் ஒருமுறை 250 ரூபாய்க்கு ஐந்து கிலோப் பை என்ற திட்டம் நகரங்களில் நன்றாக ஓடுகிறது. உங்கள் ஊரில் அது முதல் நாளே பாதி ஊரை வெளியே நிறுத்திவிடும். சித்தாள் வேலைக்கோ களையெடுக்கவோ போகிற வீட்டில் காசு அன்றன்றைக்கு வருகிறது, அன்றன்றைக்குப் போகிறது. சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி, பத்து ரூபாய்க்கு ஒரு கூறு கத்தரிக்காய், பத்து ரூபாய்க்கு ஒரு கட்டுக் கீரை, இரண்டு பச்சைமிளகாய் என்று வாங்குவதுதான் அவர்களுக்குச் சாத்தியம். காலை பத்து மணிக்குத் திறந்திருக்கிற கடை அவர்களுக்கு மூடிய கடைதான். ஆகவே விற்பனையை இரண்டாகப் பிரியுங்கள். முன்பணம் கட்டியவர்களுக்குக் காலையில் பை. அதே நாள் சாயங்காலம் 5 முதல் 7 வரை பஸ் நிறுத்தத்தில், தரையில் சாக்கு விரித்து, கூறு கட்டி விற்பனை. கிலோ விலையும் கூறு விலையும் ஒரே கணக்கில் இருக்கவேண்டும். சிறிதாக வாங்குகிறவர் கிலோவுக்கு அதிகம் கொடுக்கிறார் என்பது சில்லறை வியாபாரத்தில் காலங்காலமாக இருக்கிற அநியாயம். கால் கிலோவுக்கு ஒரு கூறு என்று எடைபோட்டே கூறு கட்டினால் அது தீரும்.

இடம் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லவேண்டும். கோயில் மண்டபம், யாராவது ஒருவர் வீட்டு முகப்புத் திண்ணை, சங்கக் கட்டடம் என்று வாடகையில்லாத இடங்களைத்தான் முதலில் காட்டுவார்கள். அங்கே வந்து நிற்கக் கூச்சப்படுகிற அல்லது நிற்கவிடப்படாத ஒரு தெரு உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடம் வேண்டாம். பஸ் நிறுத்தம், ரேஷன் கடை வாசல், பள்ளிக்கூடத்து வேலியோரம் ஆகியவை எல்லாக் கால்களும் ஏற்கெனவே நடக்கிற இடங்கள். ஊராட்சியின் இடமாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தில் இடத்தின் பெயரோடு நாளும் நேரமும் எழுதப்பட வேண்டும். நாளைக்குத் தலைவர் மாறினாலும் அந்தத் தாள்தான் பேசும்.

இனி விளைச்சல். விற்பனைக்கு முன் ஒரு பேரேடு தேவை. எந்தெந்த வீடு, வாரத்துக்கு எவ்வளவு, எந்தெந்தக் காய் என்று பெயர் எழுதுங்கள். 60 வீடு, வீட்டுக்கு ஐந்து கிலோ என்றால் வாரம் 300 கிலோ. ஐந்து வகைக் காய், வகைக்கு 60 கிலோ. இந்தச் செம்மண்ணில், தண்ணீர் தவறாமல் பாய்ந்து பராமரிப்பும் இருந்தால், 10 சென்ட் வெண்டை காய்ப்புக் காலத்தில் வாரம் 40 முதல் 50 கிலோ கொடுக்கும். கத்தரியும் ஏறக்குறைய அப்படியே. அதாவது ஒரு வகைக்கு 12 முதல் 15 சென்ட் எந்நேரமும் காய்ப்பில் இருக்கவேண்டும். காய்ப்புக்கு வராத பாத்தி, ஓய்ந்த பாத்தி, உழுது போட்ட பாத்தி எல்லாம் சேர்த்தால் மொத்தம் இரண்டு ஏக்கர் சொச்சம். ஐந்து விவசாயிகள், ஆளுக்கு 40, 50 சென்ட். இது பெரிய நிலமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நிலம் தாராளமாக இருக்கிறது. ஒரே விவசாயி ஒரே நாளில் ஒரு ஏக்கர் வெண்டையை மொத்தமாகப் போட்டுவிடுவதுதான் சிக்கல். அவருக்கு மண்டிதான் வாடிக்கை. மண்டிக்கு மொத்தமாகக் கொண்டுபோனால்தான் வண்டிக்கூலி கட்டும். உங்களுக்கோ 12 சென்ட் வீதம், 30 முதல் 40 நாளுக்கு ஒரு முறை, ஆள் மாற்றி ஆள் போடவேண்டும்.

வெண்டையை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், மற்றது எல்லாவற்றுக்கும் அது பாடம். 10 சென்ட்டுக்கு நாட்டு ரக விதை 300 கிராம். இரவு ஊறவைத்து, வரிசைக்கு ஒன்றரை அடி, செடிக்கு ஒரு அடி விட்டு ஊன்றவேண்டும். 45-ஆம் நாள் முதல் காய். அதன்பின் ஏழு வாரம் ஒருநாள்விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். இரண்டு நாள் தவறினால் காய் முற்றி, நுனியை ஒடித்தால் ‘டக்’ என்று ஒடியாமல் நாராக வளையும். முற்றிய காயைச் செடியில் விட்டால் அடுத்த பூவும் குறையும். நீங்கள் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் விற்பனை வைத்தால், இடையில் பறித்த காய் எங்கே போகும்? மண்டிக்குத்தான். அதனால் ‘இனி மண்டிக்குப் போகாதீர்கள்’ என்று விவசாயியிடம் ஒருநாளும் சொல்லாதீர்கள். அதோடு, பலர் மண்டிக்காரரிடம் விதைக்கும் மருந்துக்கும் முன்பணம் வாங்கியிருப்பார்கள். காய் அங்கே போவதற்கு விலையைவிட இந்தக் கடன்தான் பெரிய காரணம். அந்த முன்பணத்தில் ஒரு பங்கை நீங்கள் கொடுத்தால், விளைச்சலில் அந்தப் பங்கு உங்கள் பக்கம் வரும். 60 வீடும் ஆளுக்கு 500 ரூபாய் முன்கூட்டிக் கட்டினால் 30,000. ஐந்து விவசாயிகளுக்கு ஆளுக்கு 5,000 போக, 5,000 தராசுக்கும் கூடைக்கும். கட்டியவர்களுக்கு அந்த 500 கடைசி வாரங்களில் காயாகத் திரும்பும். மழை கெடுத்துவிட்டால் திரும்பாமலும் போகலாம் என்பதைப் பணம் வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லி, பேரேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விவசாயி ஒருவர் மட்டும் சுமந்த நட்டத்தை அறுபது வீடு பங்கு போட்டுக்கொள்வதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

கணக்கை ஒரு வாரத்துக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 300 கிலோ, சராசரி 30 ரூபாய்க்கு வாங்கினால் 9,000. விற்பனை 40 ரூபாய். வாடியதும் சொத்தையும் 8 சதவீதம் போனால் விற்கிறது 276 கிலோ, வரவு 11,040. வித்தியாசம் 2,040. வண்டிக்கு 500, நின்று விற்கிற அக்காவுக்கு நாலு அரைநாள் கூலி 1,200, பை, போன் செலவு 140. மிச்சம் 200 ரூபாய். இப்போது சேதாரம் 15 சதவீதம் என்று வையுங்கள்: விற்கிறது 255 கிலோ, வரவு 10,200, வித்தியாசம் 1,200. வண்டிச் செலவு போனால் கூலிக்கே பாதிதான் மிஞ்சும். இப்படிப்பட்ட முயற்சிகளைப் படுக்கவைப்பது பெரும்பாலும் இந்த ஏழு சதவீதம்தான். விலையை 30-க்கும் 40-க்கும் நடுவே எங்கே வைப்பது என்று கூட்டம் கூட்டமாகப் பேசுவார்கள். வெயிலில் கிடக்கிற கீரைக்கட்டை யாரும் பார்க்கமாட்டார்கள்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. சாயங்காலக் கூறில் 60 கிலோவை வாங்கின விலைக்கே, 30 ரூபாய்க்குக் கொடுக்க நினைத்தால் வாரம் 600 ரூபாய் பற்றாக்குறை விழும். அதை விவசாயியின் தலையில் கட்டக்கூடாது. நின்று விற்கிற அக்காவின் கூலியிலும் கைவைக்கக் கூடாது. ஐம்பது வாரத்துக்கு 30,000 ரூபாய். செட்டிநாட்டு ஊர் ஒவ்வொன்றுக்கும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோயில் திருப்பணிக்கும் ஊரணிக் கரைக்கும் கொடுத்துப் பழகிய கைகள் அவை. வருடம் 1,000 ரூபாய் வீதம் 30 பேர் போதும். நன்கொடையாகக் கேட்பதைவிட ‘வெளியூர்ப் பங்கு’ என்று பெயர்வைத்து, மாதாமாதம் எத்தனை கிலோ எந்த விலைக்குப் போனது என்று கணக்கு அனுப்பினால் அடுத்த வருடமும் வரும். யாருக்குக் குறைந்த விலை என்று அட்டை கேட்டுப் பிரிக்காதீர்கள். மானத்துக்கு அஞ்சித் தேவையுள்ளவர்கள் வரமாட்டார்கள். சாயங்காலக் கூறு எல்லாருக்கும் ஒரே விலை, ஆளுக்கு இரண்டு கூறுதான் என்று வைத்தால் தானாகவே சரியான கைக்குப் போகும்.

சேதாரத்துக்கு வருகிறேன். கீரையை முதல்நாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் அல்லது அன்று விடியற்காலையில் வேரோடு பிடுங்கி, மண் உதறி, ஈரச் சாக்கில் நிமிர்த்தி வைக்கவேண்டும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வெந்து, மதியத்துக்குள் வழுவழுத்துவிடும். வெண்டை, கத்தரியின் காம்பை ஒட்ட அறுக்கக்கூடாது. பழுத்த தக்காளி, வாழைப்பழம், பப்பாளியைக் கீரைக்கும் பாகற்காய்க்கும் பக்கத்தில் வைத்தால் அவையும் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். சாக்குமூட்டை வேண்டாம், 20 கிலோ பிளாஸ்டிக் கூடைகள் பதினைந்து இருபது வாங்குங்கள். மின்சாரமில்லாக் குளிர் அறை ஒன்று கட்டுவது நல்ல முதலீடு. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்து வடிவம் அது: ஐந்தரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், இரண்டேகால் அடி உயரத்தில் செங்கல்லில் இரட்டைச் சுவர், நடுவே மூன்று அங்குல இடைவெளி, அதில் ஆற்று மணல். மேலே மூங்கில் சட்டத்தில் சாக்கோ வெட்டிவேரோ போட்ட மூடி, அதற்கும் மேலே கீற்றுப் பந்தல். காலையும் மாலையும் மணலை நனைக்கவேண்டும். சுமார் 100 கிலோ பிடிக்கும். பங்குனி, சித்திரை வறட்சியில் உள்ளே 10 டிகிரிக்கு மேல் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருப்பதால் குளிர்ச்சி கிடைக்காது. அப்போது அதை நம்பிக் காயை அடுக்கினால் பூசணம்தான் பிடிக்கும். மணலில் களிமண் கலந்திருந்தால் தண்ணீர் இறங்காமல் கட்டிதட்டிப்போகும், சலித்துப் போடுங்கள். நனைப்பதற்கு ஊரணித் தண்ணீரை எடுக்காதீர்கள். குடிதண்ணீர் ஊரணி என்று இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிற ஊர்களில் அது முதல் சண்டைக்கு வித்தாகும்.

மழைக்காலத்தைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. இந்தப் பக்கத்து மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அந்த மூன்று மாதம் கத்தரி அழுகும், முருங்கைப் பூ உதிரும், கீரைப் பாத்தியில் தண்ணீர் நிற்கும், பறிக்க ஆளும் வராது, எல்லாரும் நெல் வயலில் இருப்பார்கள். மாசி, பங்குனியில் கத்தரி வாங்க ஆளில்லாமல் கிடக்கும். வருடம் முழுக்க ஒரே மாதிரிப் பை தருவோம் என்று வாக்குக் கொடுத்தால் முதல் தீபாவளிக்குள் நம்பிக்கை போய்விடும். அதற்கு நம் அடுப்படிகளுக்குத் தெரிந்த வழியே போதும். கோடையில் மிஞ்சுகிற கத்தரி, சீனியவரை, பாகல், மணத்தக்காளி, சுண்டை எல்லாம் வத்தலாகட்டும். பத்துக் கிலோ கத்தரிக்கு ஒரு கிலோ வத்தல் வந்தால் அதிகம், அதனால் விலை பார்த்துப் போடவேண்டும். வெந்நீரில் ஒரு கொதி காட்டி, உப்பும் மோரும் சேர்த்து, ஒடித்தால் முறிகிற பதம்வரை காயவேண்டும். நடுவில் ஈரம் இருந்தால் ஆடி மாதமே வண்டு விழும். மழை மாதப் பையில் வத்தல், சேனை, கருணை, வாழைக்காய், மழைக்கு முன் அறுத்துப் பரணில் அடுக்கிய பூசணி, தட்டைப்பயறு என்று போட்டால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். பயறு இருப்பதால் அந்தப் பை சத்திலும் குறைந்ததல்ல.

‘இயற்கை’ என்ற பெயரைப் பற்றி. எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்வது உங்களுக்கே நல்லது. காயும் கீரையும் கூடுதலாகச் சாப்பிடுவது உடம்புக்கு நல்லது என்பது உறுதி. காலையில் பறித்த கீரையில் இரண்டு நாள் பழசைவிட வைட்டமின் சி அதிகம் இருக்கும் என்பதும் உறுதி. ஆனால் ஊரில் விளைந்தது என்பதாலேயே மற்றச் சத்துகளும் அதிகம் என்று சொல்ல ஆதாரம் பலமாக இல்லை. கவுனி அரிசியில் நிறமிச் சத்து உண்டு, தவிடும் உண்டு. ஆனாலும் அது அரிசிதான், சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று பலகையில் எழுதாதீர்கள். நஞ்சில்லாக் காய் என்ற வாக்கையும் முதல் வருடமே கொடுக்கவேண்டாம். கத்தரியில் தண்டு, காய்த் துளைப்பான் வந்தால் வாரம் இருமுறை மருந்தடித்துப் பழகிய விவசாயி, ஒரே நாளில் நிறுத்தினால் பாதிக் காய் சொத்தையாகும். அந்த நட்டத்துக்கு நீங்கள் பொறுப்பேற்கப் போவதில்லை என்றால் ராத்திரியில் ரகசியமாக அடிப்பார். வாடிய நுனித் தண்டுகளை வாராவாரம் கிள்ளி எரிப்பது, ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து, சொத்தைக் காயைத் தோட்டத்தில் விடாமல் அள்ளுவது என்று படிப்படியாகக் குறையுங்கள். மருந்து அடித்திருந்தால் என்ன மருந்து, என்றைக்கு அடித்தது, அடித்தபின் பறிக்காமல் இருக்கவேண்டும் என்று டப்பாவில் போட்ட காத்திருப்பு நாள் முடிந்ததா என்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். தண்ணீரில் கழுவினால் மேலே படிந்தது ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவுகிற மருந்து போகாது. சான்றிதழ் வேண்டுமென்றால் பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது. ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகி ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதிக்கிற முறை. செலவு மிகக் குறைவு, பதிவேடு ஒழுங்காக இருக்கவேண்டும்.

நிலம் இல்லாதவர்களும் விளைவிக்கலாமா என்று கேட்கவில்லை நீங்கள், ஆனால் நியாயம் என்றால் அதுவும் வரும். வாங்குகிற இடத்தில் மட்டும் அவர்களை நிறுத்துவது பாதி வேலை. நம் ஊர்களில் பூட்டிக்கிடக்கிற பெரிய வீடுகளின் பின்கட்டுக்கு அப்பால் கிணற்றோடு 10, 20 சென்ட் தோட்டம் முள் மண்டிக் கிடக்கிறது. கேட்டால் தயங்குவார்கள். காரணம், ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளிகள். தவிர, பயிர்செய்தவர் நாளைக்குக் குத்தகை உரிமை கேட்டுவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்தை வசை பாடிப் பயனில்லை. எல்லாப் பங்காளிகளின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். குத்தகை என்று எழுதாமல் குறிப்பிட்ட காலத்துக்கான அனுமதி என்று எழுதும் வாசகத்தை ஒரு வக்கீலிடம் காட்டிச் சரிபாருங்கள். அதே தாளில், நட்ட பயிரை அறுத்து முடிக்கும்வரை வெளியேற்றமாட்டோம் என்ற வரியும் இருக்கட்டும். இல்லாவிட்டால் உழைத்தவர் தலையில் விடியும். அறநிலையத்துறையின் கீழுள்ள கோயில் நிலத்துக்கு ஏலம், உத்தரவு என்று நடைமுறை நீளும், முதல் வருடத்துக்கு ஆகாது. பழைய வீட்டுத் தோட்டத்தில் இன்னொரு விஷயம்: சுவர் இடிந்த சுண்ணாம்புக் காரை மண்ணில் கலந்திருக்கும். அங்கே செடி இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரக்குறை என்று யூரியாவைக் கொட்டுவார்கள். அது சுண்ணாம்பால் இரும்புச் சத்து ஏறாத கோளாறு. காரையைப் பொறுக்கி அள்ளிவிட்டு, சென்ட்டுக்கு 100 கிலோ மக்கிய தொழுவுரம் போட்டு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். வெளியே செம்புராங்கல் காட்டில் இதற்கு நேர் மாறாக மண் புளித்திருக்கும். மண்ணைச் சோதிக்காமல் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டதையே போடாதீர்கள். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையமும் செட்டிநாட்டு மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்க் குழாய்க்கு 100 சதவீத மானியமும் உண்டு.

ஏற்கெனவே கூடையில் கீரை கொண்டுவருகிற அக்காக்களை மறந்துவிடாதீர்கள். கடன் சொல்லி வாங்கவும், நாலு நாள் பொறுத்துக் கொடுக்கவும் ஏழைக்கு வழி இருப்பது அவர்களிடம்தான். உங்கள் கடை அவர்கள் பிழைப்பைக் கெடுத்துவிட்டு மூன்றாம் மாதம் மூடினால் ஊருக்கு நட்டம் இரட்டிப்பு. சாயங்கால விற்பனைக்கு ஆள் தேடும்போது முதலில் அவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெருவும் தெரியும், எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சியால் வெளியே வரமுடியாது என்பதும் தெரியும். அதேபோல விவசாயிகளில் கூடுதல் விளைச்சல் உள்ளவருக்குக் காரைக்குடி, தேவகோட்டை உழவர் சந்தை அட்டை வாங்கிக்கொடுங்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிய ஏற்பாடு. இடத்துக்கு வாடகை இல்லை, தராசும் கொடுப்பார்கள். சிட்டா, அடங்கல், புகைப்படத்தோடு விண்ணப்பித்தால் தோட்டத்தை வந்து பார்த்து அட்டை தருவார்கள். ஆனால் அதில் தன் விளைச்சலை மட்டுமே விற்கலாம். ஐந்து பேர் காயை ஒருவர் அட்டையில் விற்றால் அட்டை போய்விடும். பள்ளிச் சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் காய்க்கான தொகை தனியாக வருகிறது, அமைப்பாளர் உள்ளூரிலேயே வாங்குகிறார். தொகை சிறிது என்பதால் உங்கள் முழு விலை கட்டாது. ஆனால் வாரம் ஒரு நாள் முருங்கைக்கீரையும் பூசணியும் அவருக்குக் கட்டுபடியாகிற விலையில் தவறாமல் கொடுத்தால், ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் ஒரே தட்டில் போய்ச்சேருகிற வழி அதைவிட வேறில்லை.

கெட்டுப்போகிற இடங்கள் இன்னும் இரண்டு. ஒன்று, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது. எழுதுவது சுலபம், வராமல் இருப்பதும் சுலபம். மூன்றாம் வாரம் ‘மறுபடியும் கத்தரிக்காயா’ என்று பாதிப்பேர் விலகுவார்கள். முன்பணமும், ஒரு வகை ஒரு கிலோவுக்கு மேல் இல்லை என்ற விதியும்தான் மருந்து. போன் இல்லாதவர் பேர் பேரேட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றது கணக்கு. வாங்கின விலை, விற்ற விலை, சேதாரம், கூலி நாலையும் விற்பனை நாளன்றே பலகையில் எழுதிவிடுங்கள். மாதக் கணக்கை மாதக் கடைசியில் எழுதலாம் என்று விட்ட இடத்தில்தான் சந்தேகம் முளைக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கவேண்டிய எண், வாங்கினவர்களில் எந்தெந்தத் தெருக்காரர் எத்தனை பேர் என்பது. ஒரு தெரு விட்டுப்போயிருந்தால் மற்ற எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நேரத்தையோ இடத்தையோ விற்கிற ஆளையோ மாற்றவேண்டும்.

பதிவு பற்றி: விவசாயி தன் விளைச்சலை விற்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவு வேண்டாம். நீங்கள் வாங்கி விற்பதற்கும், வத்தலைப் பொட்டலம் கட்டி விற்பதற்கும் சிறு உணவுத் தொழில் பதிவு எடுத்துவிடுங்கள், கட்டணம் சிறியதுதான். தராசுக்குத் தொழிலாளர் துறை முத்திரை கட்டாயம். குழுவைச் சங்கமாகப் பதிய ஏழு பேர் போதும், கூட்டுறவுச் சங்கம் என்றால் வெவ்வேறு குடும்பங்களிலிருந்து 25 பேர். முதல் ஒரு பருவத்துக்கு இரண்டுமே தேவையில்லை. மூன்று பேர் கையெழுத்தில், அதில் ஒருவர் விவசாயி, ஒருவர் காலனித் தெருப் பெண் என்று ஒரு வங்கிக் கணக்குப் போதும். முதலுக்கு அந்த 30,000 ரூபாய் முன்பணமும், குளிர் அறைக்கு 400 செங்கல்லும். ஆடிப்பட்டத்தில் கத்தரி நடவேண்டுமானால் நாற்று 30, 35 நாள் நிற்கவேண்டும், அதனால் ஆனி பிறந்ததும் நாற்றங்கால். பேரேட்டில் அறுபது பெயரும் முன்பணமும் வைகாசிக்குள் சேரவில்லை என்றால் நாற்பது வீட்டுக்கு 8 சென்ட் வீதம் பிரித்துப் போடுங்கள். பெயர் சேராமல் பாத்தியை மட்டும் பெரிதாக்க வேண்டாம்.